சி.இசட். 75 பி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: சின்னக் கைக்குச் சரிப்படுமா?

மார்ச் 16, 2024 – கேள்வி

கிரீன் கார்டு வந்தாயிற்று, இருப்பது டெக்சஸ். ரேஞ்சில் சுடவும் வீட்டில் வைத்துக்கொள்ளவும் ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வேண்டும், 700 டாலருக்குள். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் க்ளாக் 19 என்கிறார்கள். ஒரு நண்பர் மட்டும் செக் நாட்டு பிஸ்டலான சி.இசட். 75 பி-யை ஒரு தடவை பிடித்துப் பார், அப்புறம் வேறு எதுவும் பிடிக்காது என்கிறார். எனக்குக் கை சின்னது. சொந்தமாக வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மார்ச் 17, 2024 – காலை

நான் வைத்திருக்கிறேன், ஹூஸ்டனில். என் கையும் சின்னதுதான். ஆஸ்பத்திரியில் கையுறை எடுத்தால் ஸ்மால் டப்பாதான், அதிலும் விரல்நுனியில் கொஞ்சம் தொங்கும்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பிடிக்குப் பின்னால், மேல்பக்கம், ஆழமாக ஒரு வளைவு இருக்கிறது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதை நேராகப் போய் அதில் உட்கார்ந்துவிடும், நீங்கள் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. முழுக்க எஃகு, காலியாகவே ஏறக்குறைய 1 கிலோ. 16 தோட்டா நிரப்பினால் இன்னும் 200 கிராம் போல ஏறும். அந்தக் கனம்தான் உதையை வாங்கிக்கொள்கிறது. 115 கிரெய்ன் எடைக் குண்டுள்ள சாதாரணத் தோட்டாவுக்கு, குறிபார்க்க உதவும் முன்சைட் லேசாக எழும்பி, எழும்பிய இடத்திலேயே திரும்ப வந்து நிற்கும். க்ளாக் 19 காலியாக 600 கிராம் சொச்சம்தான், அதனால் அதே தோட்டா அதில் சுளீரென்று இருக்கும். க்ளாக்கைக் குறை சொல்லவில்லை. ஒரு பெட்டி முழுக்கச் சுட்டு முடித்தபின் மணிக்கட்டு என்ன சொல்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

விலை கடைக்குக் கடை மாறும், 600-க்கும் 700-க்கும் நடுவே பார்த்திருக்கிறேன். ஹூஸ்டனில் அதற்கு மேல் 8.25 சதவீதம் வரி. இந்த விலைக்கு முழு எஃகு பிஸ்டல் கிடைப்பதே அபூர்வம்.

மார்ச் 17, 2024 – இரவு

மீதிப் பாதியைச் சொல்லாமல் ஷிப்டுக்கு ஓடிவிட்டேன்.

சுடுவதற்கு சுகம், ஸ்லைடை (முதல் தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பகுதி) இழுப்பதற்கு சுகமில்லை. பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடு, பிடியோடு சேர்ந்த அடிச்சட்டமான ஃபிரேமின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். சி.இசட்.டில் ஃபிரேமுக்கு உள்பக்கமாக ஓடுகிறது. இதனால் குழல் கைக்கு வெகு அருகில் தாழ்வாக அமைகிறது, சுடும்போது குழலின் வாய் அதிகம் எகிறாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் விரலால் பற்றி இழுக்க வெளியே தெரிவது ஒல்லியான ஒரு பட்டை மட்டும்தான். வியர்த்த கையோடு அதைப் பற்றினால் வழுக்கிக்கொண்டு போகும்.

கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு ஆறடி உயரமும் அதற்கேற்ற கையும் இருக்கும், அவர் இழுத்துக் காட்டும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். நீங்களே வாங்கி இழுத்துப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள்.

மார்ச் 18, 2024

எப்படித்தான் இழுக்கிறீர்கள் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இடது கையால் பின்னால் இழுக்க முயன்றால் முழங்கை வலிதான் மிச்சம். பிஸ்டலை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வாய் எப்போதும் இலக்குத் திசையில், விரல் ட்ரிகருக்கு வெளியே. இடது உள்ளங்கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து அப்படியே பொத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் குத்துவதுபோல் தள்ள வேண்டும். இழுக்கும் கை அசையக் கூடாது, தள்ளும் கைதான் வேலை செய்ய வேண்டும். முதலில் ஹேமரை (பின்னால் தெரியும், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) கட்டைவிரலால் பின்னுக்குச் சாய்த்துவிட்டுச் செய்தால் பாதி பாரம் குறைந்துவிடும், ஏனென்றால் ஸ்லைடு ஹேமரின் ஸ்பிரிங்கோடும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. க்ளாக்கில் ஹேமரே கிடையாது, அதனால் இந்த வசதியும் கிடையாது.

ஒன்று பாருங்கள், வீடியோக்களில் பெண்களுக்கு என்று தனியாக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பிஸ்டலைத்தான் காட்டுகிறார்கள். இந்தத் தள்ளும் முறையை எவரும் காட்டுவதில்லை.

மார்ச் 20, 2024

இடையில் இன்னொருவர் ஹெச்-1பி-யில் இருப்பதாகவும் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதில் விளையாடாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, வேறு ஒன்றிரண்டு விலக்குகளும் உண்டு. வாங்குவதற்கு மட்டும்தான் தடை என்று நினைத்துக்கொண்டு ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டு, போட்டோவும் எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற நம் பையன்களைப் பார்த்திருக்கிறேன். கையில் வைத்திருப்பதும் வைத்திருப்பதுதான்.

அப்புறம், கிரீன் கார்டு நண்பரை விட்டு வாங்கித் தரச் சொல்வது இன்னும் மோசம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தின் ஒரு கேள்வியே, உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்பதுதான். அதில் பொய் சொன்னால் இரண்டு பேருக்கும் சிக்கல். கடைக்காரரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிவத்தைக் கொடுத்ததும் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை ஓடும். சிலருக்கு சில நிமிடத்தில் முடியும், நம் நீளமான பெயர்களுக்கு சில சமயம் இழுக்கும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு நாம் படுகிற பாட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 24, 2024

ட்ரிகரைப் பற்றி நீளமாகச் சொல்லியாக வேண்டும், உங்கள் கைக்கு அதுதான் முக்கியம்.

ஹேமர் படுத்திருக்கும்போது ட்ரிகர் முன்னால் தள்ளி நிற்கும். முதல் தோட்டாவுக்கு அதை நீளமாக, கனமாக இழுக்க வேண்டும். ஹேமர் எழும்பி விழும். அடுத்த தோட்டாவிலிருந்து ஸ்லைடே ஹேமரைச் சாய்த்து வைத்துவிடும், ட்ரிகரும் பின்னால் வந்து நிற்கும், சின்ன இழுப்பு போதும். முதல் இழுப்பில் என் சுட்டுவிரலின் நுனிதான் ட்ரிகரை எட்டுகிறது, சதைப்பகுதி வந்து சேருவதில்லை. அதனால் முதல் குண்டு இடப்பக்கம் போகும், மற்றதெல்லாம் ஒரே கொத்தாக விழும். காகிதத்தைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தால் தனியாக ஒரு ஓட்டை ஓரத்தில் முறைத்துக்கொண்டிருக்கும், அது யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

இதற்கு 75 பி-யிலேயே ஒரு வழி உண்டு. ஹேமர் சாய்ந்த நிலையிலேயே சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் விசை) போட்டு வைக்கலாம். சேஃப்டியை இறக்கினால் முதல் தோட்டாவுக்கே சின்ன இழுப்பு, ட்ரிகரும் விரலுக்கு எட்டும் தூரத்தில். ரேஞ்சில் நான் அப்படித்தான். வீட்டில் அப்படி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. சிலர் வைக்கிறார்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

சாய்ந்திருக்கும் ஹேமரைச் சத்தமில்லாமல் இறக்க 75 பி-யில் லீவர் கிடையாது. உள்ளே தோட்டா இருக்கும்போது கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்தி இறக்க வேண்டும். வழுக்கினால் வெடிக்கும். நான் செய்வதில்லை, மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலி செய்து, கண்ணால் பார்த்து, விரலால் தொட்டும் பார்த்து, அதன் பிறகுதான் ஹேமர். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 75 பி.டி. என்று ஒன்று இருக்கிறது, சேஃப்டி இருக்கும் இடத்தில் ஹேமரை இறக்கும் லீவர். பி-01-இலும் அதுதான்: அலுமினிய ஃபிரேம், கனம் குறைவு, நீளமும் குறைவு, செக் போலீஸ் எடுத்துக்கொண்ட மாடல். அது உங்கள் பட்ஜெட்டுக்குள் வருமா என்பது சந்தேகம்தான், செகண்ட் ஹேண்டில் பாருங்கள்.

ஏப்ரல் 6, 2024

மதுரைக்காரர் ஒருவர் கேட்டது: இதை நம் ஊரில் லைசென்ஸ் எடுத்து வாங்க முடியுமா? முடியாது. இந்தியாவில் 9 மி.மீ. சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம், பெரும்பாலும் .32 பிஸ்டல்தான் கிடைக்கும். அதற்கும் கலெக்டர் அலுவலகப் படியேற வேண்டும். என் பெரியப்பாவிடம் பன்றி விரட்ட ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி வருவார். இந்த 19-ஆம் தேதி ஓட்டு என்பதால் இப்போதும் அங்கே பலருடைய துப்பாக்கி ஸ்டேஷனில்தான் இருக்கும். பன்றிக்குத் தேர்தல் கமிஷன் தெரியாது என்பது அவருடைய வருடாந்திரப் புலம்பல்.

ஏப்ரல் 7, 2024

“சி.இசட். என்பதே துருக்கிக்காரன் டிசைனைக் காப்பியடித்ததுதானே” என்று ஒரு பதில் வந்திருக்கிறது. தலைகீழ். 1975-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் உஹெர்ஸ்கி ப்ரோட் ஊர்த் தொழிற்சாலைக்காக பிரான்டிஷெக் கௌட்ஸ்கி வடிவமைத்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த நாட்டு ராணுவமே அதை எடுத்துக்கொள்ளவில்லை. வார்சா ஒப்பந்த நாடுகளின் தோட்டா வேறு, 9x18; இதுவோ மேற்கத்திய 9x19, நாம் 9 மி.மீ. என்று சொல்வது அதைத்தான். ஏற்றுமதிக்கென்றே செய்தார்கள். காப்புரிமையை ரகசியமாகப் பதிந்ததால் வெளிநாட்டில் அது செல்லுபடியாகவில்லை, யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம் என்று ஆயிற்று. இத்தாலியின் டான்ஃபோலியோ, அதன் வழியாக இஸ்ரேலின் ஜெரிக்கோ, சீனாவின் நோரின்கோ, பிறகு துருக்கிக்காரர்கள், எல்லோரும் காப்பியடித்தார்கள். துருக்கியின் கானிக் தொடக்கத்தில் செய்தவை 75-இன் நகல்தான், இப்போது அது விற்கும் டி.பி.9 வரிசை வேறு வகை.

சி.இசட்.காரர்களும் எல்லாவற்றையும் வானத்திலிருந்து இறக்கவில்லை. ஸ்லைடை ஃபிரேமுக்குள் ஓட விடுவது சுவிஸ் பி210 பிஸ்டலில் முன்பே இருந்தது. தோட்டாவை இரண்டு வரிசையாக அடுக்கும் மேகசினை பிரவுனிங் ஹை-பவர் 1935-லேயே கொண்டுவந்துவிட்டது. இரண்டையும் ஒரே பிடிக்குள் கைக்குப் பொருந்தும்படி வைத்தது தான் கௌட்ஸ்கியின் கெட்டிக்காரத்தனம்.

காசு குறைவாக இருந்தால் நகலையும் பாருங்கள், அதில் வெட்கம் இல்லை. உதிரிபாகம் கிடைக்குமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் மேகசின் இன்னொன்றில் நுழையும் என்று நம்ப முடியாது.

மே 11, 2024

சுகம் பற்றி இன்னொன்று, இதை எந்த ஆணும் எழுதி நான் படித்ததில்லை. சுட்ட தோட்டாவின் கூடு வலப்பக்கம் பறக்கும், ரேஞ்சின் தடுப்புச் சுவரில் மோதித் திரும்பும். போன வாரம் அப்படித் திரும்பிய ஒன்று சட்டைக் கழுத்துக்குள் விழுந்து தாலிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு நின்றது. அடுப்பிலிருந்து எடுத்த சூடு. கையில் தோட்டா நிரப்பிய பிஸ்டல். ஆடத்தான் தோன்றும், ஆடக் கூடாது. வாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, விரலை வெளியே எடுத்து, மேடையில் வைத்துவிட்டு, அதன் பிறகு என்ன ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். ஆடினேன். பக்கத்து லேன் தாத்தா கைதட்டினார்.

கழுத்தை ஒட்டிய டி-ஷர்ட் போடுங்கள். தாலியை உள்ளே விட்டு மேலே ஒரு கைக்குட்டை. வளையலைக் கழற்றிவிடுங்கள். காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் காதை மூடும் மஃப், உள்ளரங்கில் இரண்டும் வேண்டும். வீடு திரும்பியதும் ஈயத்தூள் போகக் கையையும் முகத்தையும் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

ஜூன் 2, 2024

வாங்கிவிட்டீர்களா தம்பி, சந்தோஷம். பட்ஜெட் பற்றி இப்போது சொல்கிறேன், முன்பே சொன்னால் பயந்திருப்பீர்கள். பிஸ்டல் மலிவு, தோட்டா மலிவில்லை. 50 தோட்டாப் பெட்டி கண் மூடித் திறப்பதற்குள் காலியாகும். 2020-21-இல் கடை அலமாரியே காலி, கிடைத்த பெட்டிக்கும் பழைய விலையைப் போல மும்மடங்கு கேட்டார்கள். இப்போது இறங்கியிருக்கிறது, ஆனாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. வாரா வாரம் சுட்டால் ஒரு வருடத்துத் தோட்டாச் செலவு பிஸ்டல் விலையைத் தாண்டிவிடும்.

வீட்டில் காலி பிஸ்டலில் ட்ரிகர் பயிற்சி செய்வது இலவசம். ஆனால் 75 பி-யில் வெறுமனே அடித்துக்கொண்டே இருந்தால் தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் சின்ன ரோல் பின் அடி வாங்கி உடையும். சேம்பரில் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள், சில டாலர்தான். ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பிடிக்கும் ஸ்லைடு ஸ்டாப்பும் வருடக்கணக்கில் சுட்டால் உடையக்கூடிய உருப்படி, ஒன்று உபரியாக வாங்கி வையுங்கள்.

கழற்றுவது எளிது. மேகசினை எடுத்து, சேம்பரைப் பார்த்த பிறகு, ஸ்லைடைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் பின்முனையில் ஸ்லைடிலும் ஃபிரேமிலும் இருக்கும் இரண்டு கோடும் நேருக்கு நேர் வரும். அப்போது வலப்பக்கத்திலிருந்து ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்தினால் இடப்பக்கம் வெளியே வரும், புதுசில் முரண்டு பிடிக்கும். க்ளாக்கைக் கழற்ற ட்ரிகரை அழுத்தியாக வேண்டும், இதற்குத் தேவையில்லை. என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்கே நான் சி.இசட். பக்கம்.

ஜூலை 20, 2024

பெரில் புயல் 8-ஆம் தேதி வந்து போனது. ஹூஸ்டனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், நாள்கணக்கில் கரண்ட் இல்லை, ஏ.சி. இல்லை, சுவரே வியர்த்தது. ராத்திரி இருட்டில் பிஸ்டல் தைரியம் தந்ததா என்று ஒருவர் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அதன் நினைப்பே வரவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த மாவு புளித்துப் பொங்கியதுதான் நினைவிருக்கிறது.

கரண்ட் வந்தபின் லாக்பாக்ஸைத் திறந்தால், கறுப்புப் பூச்சு இருக்கும் இடம் எல்லாம் நன்றாக இருக்கிறது. மேகசினின் விளிம்பிலும் ஹேமரின் ஓரத்திலும் மட்டும் பழுப்பாகப் பொடிப்பொடியாகத் துரு. விரலால் தேய்த்தால் ரேகையில் ஒட்டியது. எண்ணெய்த் துணியால் துடைத்ததில் போய்விட்டது. எஃகு பிஸ்டலுக்கு இந்த ஊர்க் காற்று ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அதையும் மாற்றிக்கொண்டே இருங்கள். பெட்டியோடு வரும் நுரை மெத்தைக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பெட்டி என்றதும் நினைவு வந்தது, பூட்டு. உங்களுக்கும் குழந்தை இருக்கிறது. டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்து, அது அந்தப் பிள்ளையிடம் சிக்கினால் நம் மேல் வழக்கு. பீரோ மேல்தட்டில் துணிக்கு அடியில் என்பதெல்லாம் ஒளித்து வைத்ததாக ஆகாது. தீபாவளிக்கு வாங்கிய முறுக்கை நான் அங்கேதான் ஒளிப்பேன், என் பையன் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

அக்டோபர் 12, 2024

ஆயுத பூஜைக்கு வைத்தீர்களா என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று வைத்தேன். காரின் சாவி, என் ஸ்டெதஸ்கோப், வீட்டுக்காரர் லேப்டாப், பையனின் கால்குலேட்டர், கூடவே பூட்டிய பெட்டியோடு பிஸ்டல். சந்தனம் குங்குமம் பெட்டி மேலேதான். ஈரச் சந்தனத்தை எஃகில் வைத்தால் சரஸ்வதியே வந்தாலும் துருவைத் தடுக்க முடியாது. வீடியோ காலில் பார்த்த அம்மா, அந்தப் பெட்டியில் என்னடி என்றாள். ஆயுதம்மா என்றேன். சிரித்துவிட்டு சுண்டலுக்கு உப்புப் போட்டாயா என்று போய்விட்டாள்.

நவம்பர் 9, 2024

முதல் இழுப்பு எட்டவில்லை என்ற புகாருக்கு, பிடியின் பக்கத்தகட்டை மாற்றச் சொல்லி இங்கே பலர் எழுதியிருந்தீர்கள். மெல்லிய அலுமினியத் தகடு வாங்கிப் போட்டேன். தடிமன் குறைந்தது, விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஓரத்தில் தனியாக நின்ற அந்த முதல் ஓட்டை இப்போது கொத்தை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் அலுமினியம் வியர்வையில் சறுக்குகிறது. ஏ.சி. சரியாக ஓடாத ரேஞ்சில் மூன்றாவது மேகசினுக்கே பிடி கைக்குள் திரும்பத் தொடங்குகிறது. பழைய பிளாஸ்டிக் தகடு பார்க்க அசிங்கம், ஆனால் நகராது.

இப்போதைக்குக் குளிர்காலம் முடியும்வரை அலுமினியம், ஏப்ரலில் பிளாஸ்டிக். திருகு இரண்டுக்கும் ஒன்றேதான், மாற்றுவது தொல்லையில்லை. ரொம்ப முறுக்காதீர்கள், அலுமினியத் தகட்டின் மேல்பூச்சு திருகைச் சுற்றிப் பெயர்கிறது. உங்கள் பிஸ்டலில் என்ன தகடு வந்தது தம்பி, பிளாஸ்டிக்கா ரப்பரா? ரப்பர் என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.